டேக் இல்லாத பல்வரிசை

எங்கள் கட்டடத்துக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. கீழ்த்தளம் முழுக்க லாண்டரி, அதன் பின்னறைகளில் லாண்டரிக்காரர் வீடு. காலை ஆறு மணிக்குப் பாய்லர் உறும ஆரம்பித்தால் ஆறே காலுக்குப் படிக்கட்டில் மேகம் ஏறும். ஏழு மணிக்கு முதல் மாடியில் என் வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. எட்டு மணிக்கு என் மூக்குக் கண்ணாடிக்குள் மழை பெய்யும். ஓய்வு பெற்று இங்கே குடிவந்து ஐந்து வருஷமாகிறது. முகத்தில் புதிதாக ஒரு சுருக்கம் விழவில்லை. கீழேயிருந்து என்னை ஓயாமல் இஸ்திரி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

லாண்டரிக்காரரைத் தெருவே நீராவி என்றுதான் கூப்பிடும். பாய்லரால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அவருக்குக் கோபம் வந்து பார்க்க வேண்டும். முதலில் காது மடல் சிவக்கும், அப்புறம் கழுத்து நரம்பு புடைக்கும், அதற்கப்புறம் அவர் போடுகிற சத்தத்தில் பாய்லரே கொஞ்சம் மரியாதையாக அடங்கிப்போகும். கோபம் வருவதற்குப் பெரிய காரணமும் வேண்டாம். காலரில் கறை, கையில் கறை, கறையே இல்லாததைத் துவைக்கப் போட்டது, எல்லாம் காரணம்தான்.

ஆனால் தொழிலில் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. உலகத்து அழுக்கு அத்தனைக்கும் மருந்து சூடு என்பது அவர் நம்பிக்கை. டேக் இல்லாத துணியை இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலேயே விட மாட்டார். வருவது கைக்குட்டையாக இருந்தாலும் அவர் மனைவி முன்மேஜையில் உட்கார்ந்து ஒரு சின்ன வெள்ளைத் துணித்துண்டில் எண் எழுதி அதில் குத்துவார். எழுதுகிற மை தனி மை. எத்தனை முறை கொதித்தாலும் போகாது. ஒரு தடவை டேக் கழன்றுபோன சட்டை ஒன்று பதினொரு நாள் ஆணியிலேயே தொங்கியது. சட்டைக்காரர் எதிரே நின்று, "அது என்னோடதுய்யா. என் வயித்தைப் பாரு, சட்டையோட வயித்தைப் பாரு" என்று மன்றாடினார். நீராவி அசையவில்லை. "டேக் இல்லையே சார். ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் வயிறா?" என்றுவிட்டார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். துணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவரே சரிசெய்துவிடுவார், வெளியே மூச்சு விட மாட்டார். பூச்சி அரித்த கம்பளிக் கோட்டுக்கு உள்மடிப்பிலிருந்து நூல் உருவி அவர் போடுகிற தையலை, அரித்த பூச்சியே திரும்பி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. "சரி பண்ணினதைச் சொல்றவன் பாதி வேலைக்காரன் சார்," என்பார். "சொன்னீங்கன்னு வைங்க, அவன் கண்ணு அந்த இடத்தை விட்டு நகராது. சொல்லலைன்னா அவனும் நிம்மதி, நானும் நிம்மதி."

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் பல் விவகாரம் வந்து சேர்ந்தது.

அவருக்கு ஒரே மகள். மூன்று தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வளைந்த பிரேமை நிமிர்த்துவாள், மூக்கில் அழுத்துவதைத் தளர்த்துவாள், அரை மில்லிமீட்டர் கோணலைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அவளுடைய முன்பல் ஒன்று மட்டும் முளைத்த நாளிலிருந்தே சோம்பேறி. பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கி விழுகிறவன் மாதிரி அடுத்த பல்லின் மேல் சாய்ந்து கிடக்கும். சிரிப்பு வந்தால் சிரிப்புக்கு முன்னால் வலது கை வாய்க்குப் போய்விடும். நான் குடிவந்த புதிதில், பாவம், இந்தப் பெண்ணுக்கு ஓயாத பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வேலைக்குப் போன முதல் வருஷமே தன் சம்பளத்தில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டாள். இரண்டு வருஷமும் இரண்டு மாதமும். ஆப்பிளைக் கடிதத் தாள் கனத்துக்குச் சீவித் தின்றாள். வேர்க்கடலை வண்டியைக் கண்டால் எதிர் நடைபாதைக்கு மாறினாள். கம்பியை முறுக்கிவிட்ட நாட்களில் சூப்பைக்கூட மெல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தாள். கடைசியில் கம்பி கழற்றின அன்று படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கை எழும்பியது, பாதி வழியில், தனக்கு அங்கே இனி வேலையில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது போல இறங்கிப்போனது. அந்தக் கை இறங்கினதை நான் பார்த்தேன். அதனால்தான் பிறகு நடந்ததெல்லாம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கம்பி கழற்றினால் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பல் டாக்டரம்மா இல்லை என்றுவிட்டார். இந்தக் காட்சியை அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தனித்தனியாக எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவன் மாதிரியே சொல்லலாம்.

"நேராக்கினது பாதி வேலைதான்," என்றாராம் டாக்டரம்மா. "பல்லுக்குப் பழைய இடத்து ஞாபகம் போகாது. சும்மா விட்டா மெதுவாத் திரும்பிப் போயிடும். அதைப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் ரிடெய்னர்."

ஒரு தட்டில் மூன்று வகையை வைத்தார். ஒன்று, அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் நிறத் தகடு, முன்னால் ஒரு கம்பியோடு. இரண்டாவது, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். பல்வரிசைக்கு மேலே உறை மாதிரி மாட்டுவது. மூன்றாவது, பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டிவிடுகிற மெல்லிய கம்பி. நாமாகக் கழற்ற முடியாது.

"எனக்குப் பின்னாடி ஒட்டுறது," என்றாள் மகள்.

"கழட்ட முடியாததை எப்படித் துவைக்கிறது?" என்றார் நீராவி.

"துவைக்கிறதா? பல்லு தேய்க்கிறப்ப தேய்க்கப் போறேன். இடுக்குல நூல் விட்டு எடுக்கணும், அவ்ளோதான்ப்பா."

"மடிப்புக்குள்ள அழுக்கு நிக்கும் பாப்பா. நாப்பது வருஷமா பாக்குறேன், உட்பக்க மடிப்புதான் முதல்ல மஞ்சளாகும்."

"பல்லு என்ன பாவாடையா, உட்பக்க மடிப்புக்கு?"

"இந்தக் கண்ணாடி உறையைப் பாரு. போட்டா போட்டதே தெரியாது. வேலைன்னா இப்படி இருக்கணும். கழட்டலாம், கழுவலாம், மாட்டலாம். தலையணை உறை மாதிரி."

"என் வாய்ப்பா அது."

"வாய் உன்னோடதுதான். வெளுக்கிறது யார் வேலை?"

டாக்டரம்மாவாவது குறுக்கே விழுந்திருக்கலாம். "எதைப் போட்டாலும் ஒழுங்காப் போட்டா சரி" என்று நழுவிவிட்டார். "அப்பா சொன்னா கேளேன்டி, ஆஸ்பத்திரில நின்னு வாயாடாத," என்று அம்மா முடித்துவைத்தார். வாயைத் திறந்து வைத்திருந்தவள் அவள். முடிவு எடுத்தது மட்டும் மற்றவர்கள்.

கண்ணாடி உறை வந்தது. கூடவே அதை வைக்க ஒரு நீலப் பெட்டி, அச்சடித்த தாள் ஒன்று, அட்டைப் பெட்டிக்குள் அவள் பல்வரிசையின் மூன்று பிளாஸ்டர் வார்ப்புகள். ஒன்று கம்பி போடும் முன் எடுத்தது, ஒன்று நடுவில் எடுத்தது, ஒன்று கழற்றின பிறகு எடுத்தது. மூன்றிலும் ஓர் எழுத்துக் கிடையாது, ஓர் எண் கிடையாது.

அம்மா மூன்றையும் கண்ணாடி அலமாரியில் வைத்தார். முதல் வார்ப்பைத் தெருநாய் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடும், அவ்வளவு கோணல். மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா கடைசி வார்ப்பை எடுத்துக் கையில் கொடுப்பார். "இப்ப இப்படி, பாருங்க." பார்ப்பார்கள், தடவுவார்கள், தேநீர் குடித்த கையோடு திருப்பித் தருவார்கள். மூன்று மாதத்தில் அது பழுப்பேறிவிட்டது. நடுவில் எடுத்ததை எவரும் சீண்டவில்லை. அது பாலில் குளித்த மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

அச்சடித்த தாளை மகள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் போட வேண்டும். சாப்பிடும்போதும், தண்ணீர் தவிர வேறு எதையும் குடிக்கும்போதும் மட்டும் கழற்றலாம். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பற்பசை கூடாது, கீறல் விழும். கழற்றினால் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சூடான தண்ணீர் கூடாது. அவள் அந்தத் தாளுக்குக் கீழ்ப்படிந்த மாதிரி எந்தச் சிப்பாயும் எந்தத் தளபதிக்கும் கீழ்ப்படிந்திருக்க மாட்டான். நான் தேநீருக்குக் கூப்பிட்டால், "இன்னிக்கு என் ரெண்டு மணி நேரம் முடிஞ்சுது சார்" என்று போய்விடுவாள்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மழை வந்தது.

அந்த வாரம் வானம் கண் திறக்கவில்லை. ஹோட்டல் விரிப்புகள் காயாமல் லாண்டரிக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கின. ஒரு மதியம் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனவன், விரிப்புகளுக்கு நடுவே வழி தெரியாமல் ஒரு மணி நேரம் அலைந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா முன்மேஜையில் யாரோடோ கோட்டுப் பித்தானுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். மகளுக்கு விடுமுறை, உள்ளறையில் ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீராவி நீலப் பெட்டியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இங்க வாங்க. மோந்து பாருங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"மங்கிப் போச்சு சார். ஓரத்துல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. பச்சைத் தண்ணியில கழுவுனா எப்படிப் போகும்?"

"தாள்ல சூடான தண்ணி கூடாதுன்னு போட்டிருக்கே."

"கூடாதுதான். யாரு இல்லைன்னா? அரைகுறைச் சூடு கறையை உறைய வெச்சிடும். முட்டைக்கறை அப்படித்தான் ஆயுசுக்கும் நிக்கும். எழுதினவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு." கைக்குட்டைகள் கொதிக்கும் சட்டியின் மூடியைத் திறந்தார். "சூடு கூடாது சார். கொதிக்கணும்."

போட்டுவிட்டார். இருபது எண்ணினார். இடுக்கியால் எடுத்தபோது அது ஓர் எலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி சுருங்கியிருந்தது.

நீராவியின் காது சிவந்து பார்த்திருக்கிறேன். வெளுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உள்ளிருந்து மகளின் குரல். "இன்னும் கொஞ்சம் சூப் இருக்காப்பா?"

"இருக்கு! குடி! நிறையக் குடி!" என்று அலறினார். "மெதுவாக் குடி பாப்பா, ஒரு அவசரமும் இல்ல!"

அப்புறம் என் கையைப் பிடித்தார். "கம்பளி சார். இது கம்பளிதான். சுருங்கினா என்ன பண்ணுவோம்? ஆவி காட்டி இளக்கி, அளவுக் கட்டையில மாட்டி இழுப்போம். கட்டை வீட்டிலேயே இருக்கே!"

அலமாரிக்கு ஓடினார். கோணல் வார்ப்பை ஒதுக்கினார். இரட்டையர் இருவரையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. நாற்பது வருஷத் தொழில் அவருக்குச் சொன்னது ஒன்றுதான்: அழுக்காக இருப்பது பழசு, வெள்ளையாக இருப்பது புதுசு. வெள்ளையை எடுத்தார்.

எட்டே நிமிஷம். நீராவிக் குழாயைத் திறந்து உறையை இளக்கினார், வார்ப்பின் மேல் போர்த்தினார், மெல்லிய வெள்ளைத் துணி போட்டுக் கட்டை விரலால் பல் பல்லாக அழுத்தினார். பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு அவ்வளவு வியர்க்காது. ஆறினதும் துணியை உரித்தார். உறை வார்ப்பின் மேல் டக்கென்று உட்கார்ந்தது, எடுத்தால் வந்தது, வைத்தால் மறுபடியும் டக். கறையும் போய்ப் பளபளத்தது. நான் கைதட்டப் போனேன். கண்ணாலேயே அதட்டினார்.

"மூச்சு விடக் கூடாது சார்."

"விடலைங்க."

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பெட்டியைத் திறந்து உறையை மாட்டினாள். நெற்றி சுருங்கியது. "என்னப்பா, இறுக்குது?"

"மழைக்கு எல்லாம்தான் இறுகும்," என்றார் நீராவி.

"ஆமாம்மா, என் வீட்டுக் கதவுகூட," என்றேன் நான். பாவி, நான்தான் சொன்னேன்.

தாளின் கடைசி வரியில் ஒன்று போட்டிருந்தது: இறுக்கமாக இருந்தால் கழற்றி வைக்காமல் கூடுதல் நேரம் அணியவும். அவள் கீழ்ப்படிந்தாள். சாப்பாட்டு நேரத்தைப் பத்துப் பத்து நிமிஷமாகக் குறைத்தாள். ராத்திரி வலித்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தாளே தவிரக் கழற்றவில்லை. இருபத்திரண்டு மணி நேரம் இருபத்திமூன்றரை ஆயிற்று.

மூன்று வாரம். கண்ணாடிக் கடையில் திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி, மொத்தம் பதினாலு. பதினாலிலும் அந்தப் பல் மறுபடி சோம்பல் முறித்தது. முதலில் அவளுக்கு மட்டும் தெரிந்தது, அரை மில்லிமீட்டர். அப்புறம் அம்மாவுக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது படிக்கட்டில். "மேல தண்ணி வருதா சார்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். கை வாயை மூடியிருந்தது. சிரிக்கக்கூட இல்லை, அதற்குள் மூடிவிட்டது.

அன்று மாலை அவர்கள் வீட்டுச் சண்டை என் தரை வழியாக அப்படியே மேலே வந்தது.

"நீ போடலை. போட்டிருந்தா எப்படிடி திரும்பும்?"

"போட்டேன்மா."

"போன்ல பேசுறப்ப கழட்டி வெச்சிருப்ப. எனக்குத் தெரியாதாக்கும்."

"தூக்கத்துலகூட கழட்டலை. வலிச்சுது, அப்பவும் கழட்டலை. ஏம்மா நம்ப மாட்டேங்கிற?"

"பல்லு பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றேனா?"

தட்டை நகர்த்தும் சத்தம். அதற்கப்புறம் இரண்டு நாள் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. நான் கீழே போனேன். நீராவி காது சிவந்து, நரம்பு புடைத்து நின்றார். பாய்லர் அடங்கியிருந்தது.

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா சார்! அந்த ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த சாமானே மோசம்! மூணு மாசத்துல இளகிப்போற பிளாஸ்டிக்கைக் குடுத்து ஏமாத்திட்டான்! விட மாட்டேன்!"

நான் குரலைத் தாழ்த்தினேன். "இல்லைங்க, அன்னிக்கு அந்தச் சட்டியில..."

"எந்தச் சட்டி?"

"கைக்குட்டைச் சட்டி."

"அது சரியாயிடுச்சே சார்! டக்குன்னு உக்காந்துச்சா இல்லையா? நீங்களே பாத்தீங்க."

பார்த்தேன்தான். அந்த மனுஷன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அவரைப் பொறுத்தவரை சரிசெய்ததெல்லாம் நடக்கவே நடக்காதது. எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் விரிப்புகள் கொண்டுபோகும் வேனில் படையெடுப்பு. முன்னால் நீராவியும் மனைவியும். பின்னால் ஹோட்டல் மூட்டைகள் மேல் மகளும் நானும். மடியில் அட்டைப் பெட்டி, அதற்குள் ஆதாரமாக மூன்று வார்ப்புகள். என்னைச் சாட்சி என்று கூட்டிக்கொண்டு போனார்கள். எதற்குச் சாட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மருத்துவமனையின் முன்மேஜைப் பெண் மகளின் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து எழுதினாள்.

"என்ன எழுதினீங்க?" என்று மகள் கேட்டாள்.

"நோயாளி ரிடெய்னரை ஒழுங்காக அணியவில்லை."

"நான் போட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அதற்கப்புறம் நீராவி போட்ட சத்தத்தில், காத்திருந்த ஒரு பெரியவருக்கு ஆடிக்கொண்டிருந்த பல் தானாகவே விழுந்து, அவர் சந்தோஷமாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். "ஒழுங்கா அணியலையா? பாக்காமலே எழுதுவீங்களா? என் கடையில கறையைப் பாக்காம ஒரு டேக் எழுதினா கையை முறிச்சிடுவேன்! கூப்பிடு டாக்டரை!"

டாக்டரம்மா உள்ளே அழைத்தார். பல்லைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இது போடாததாலதான்..." என்று ஆரம்பித்தார். அவருமா! மகள் உறையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அட்டைப் பெட்டியைத் திறந்து மேஜையில் மூன்று வார்ப்புகளையும் வரிசையாக வைத்தாள்.

டாக்டரம்மா உறையைப் பழுப்பு வார்ப்பின் மேல் வைத்தார். உட்காரவில்லை. அழுத்தினார். ஓரம் தூக்கிக்கொண்டது. "இது நாங்க குடுத்த அளவு இல்லையே," என்றார். பின்கட்டிலிருந்து வார்ப்பு வேலை செய்கிறவரைக் கூப்பிட்டார். அவர் கையெல்லாம் பிளாஸ்டர் மாவோடு வந்தார், உறையை வாங்கினார், ஒன்றும் யோசிக்காமல் வெள்ளை வார்ப்பின் மேல் வைத்தார்.

டக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நீராவிக்கும் தெரியும்.

"இது நடுவுல எடுத்த அச்சு," என்றார் வார்ப்புக்காரர். "முன்பல் அப்ப முழுசா நிமிரலை, பாருங்க, இந்த ஓரம். யாரோ இந்த அச்சுல வெச்சு மறுபடி உருக்கியிருக்காங்க." விளக்கடியில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, துணி நெசவு பதிஞ்சிருக்கு! மிஷினே இல்லாம துணி போட்டு அழுத்தியிருக்காங்க! யாருங்க இது? கை சுத்தமான வேலைங்க!"

பாராட்டு விழ வேண்டிய இடமா அது?

அம்மா மெதுவாகத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். துணி போட்டு அழுத்துகிறவர் அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

நீராவி என்ன செய்தார்? குற்றம் தெரிந்ததும் மனுஷர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். இன்னும் பெரிதாகக் கத்தினார்.

"மூணு பல்வரிசையைக் குடுத்தீங்களே, ஒண்ணுலயாவது டேக் உண்டா? ஒரு நம்பர் உண்டா? எது முந்தி எது பிந்தின்னு எவனுக்குத் தெரியும்? இதெல்லாம் ஒரு தொழிலா? என் கடையில கைக்குட்டைக்கு டேக் உண்டு! ஒத்தைக் காலுறைக்கு டேக் உண்டு! டேக் இல்லாம ஒரு நூலு என் மேஜையைத் தாண்டினதில்ல!"

நியாயம்தான். ஒவ்வொரு சொல்லும் நியாயம். டாக்டரம்மாவே தலை குனிந்தார்.

மகள் நாற்காலியில் இருந்து எழுந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"டேக் இல்லாத துணியை நீ இஸ்திரி போடுவியாப்பா?"

பாய்லரின் வால்வைத் திறந்துவிட்ட மாதிரி அவரிடமிருந்து ஒரு காற்றுப் போயிற்று. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எங்கேயும் பார்க்காமல், "கொதிக்க வெச்சேன் பாப்பா," என்றார். "சுருங்கிப் போச்சு. இழுத்துவிட்டேன். வெள்ளையா இருந்துச்சு, அதான் புதுசுன்னு..."

"ஏன் சொல்லலை?"

"சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"வலிக்குதுன்னு சொன்னேனே. அப்பவாவது?"

நாற்பது வருஷத்தில் எந்தச் சட்டையும் அவரிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அம்மாவுக்குத்தான் முதலில் குரல் உடைந்தது. "மூணு வாரம் வலியோட போட்டிருக்கா. நான் அவளைப் பொய்க்காரின்னேன்." பிறகு அந்தக் குரலே கூர்மையானது. "நீங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டீங்க? நான் அவளைத் திட்டுறப்ப ரொட்டி எப்படிங்க உள்ள இறங்குச்சு?"

மகள் என் பக்கம் திரும்பினாள். சுவரில் ஈறு நோய் பற்றிய ஒரு படம் மாட்டியிருந்தது. அதை நான் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க வீட்டுக் கதவு இறுகிச்சுன்னீங்களே. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். அவள் நகர்ந்து அம்மா பக்கம் போய் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். பல் நகர்ந்தது கொஞ்சம்தான், இரண்டு மூன்று மாதத்தில் கொண்டுவந்துவிடலாம், இனி எல்லா வார்ப்பிலும் தேதி எழுதித் தருகிறோம் என்றெல்லாம் சொன்னார். "சரி பண்ணினதும் என்ன ரிடெய்னர் போடலாம்?" என்று மறுபடி அந்தத் தட்டை எடுத்தார். மூன்று வகை. பழக்கதோஷம், நீராவியின் வாய் திறந்தது. மகள் வலது கையை அவர் பக்கம் நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். இத்தனை வருஷம் தன் வாயை மூடின கை, அன்றைக்கு அப்பா வாயை மூடியது.

"பின்னாடி ஒட்டுறது," என்றாள். "கழட்ட முடியாததா."

"இடுக்குல நூல் விட்டு தினமும் சுத்தம் பண்ணணும்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும்."

"பண்றேன். என் வேலை அது."

அதோடு வெளியே வந்துவிடுவாள் என்று பார்த்தால், நேரே முன்மேஜைக்குப் போனாள். "அந்தக் கோப்பை எடுங்க. ஒழுங்கா அணியலைன்னு எழுதினதை அடிங்க."

"அது வந்து, எழுதினதை அடிக்கிற வழக்கம்..."

"அடிங்க," என்றார் பின்னால் நின்ற டாக்டரம்மா.

பெண் அடித்தாள். "இப்ப என்னன்னு எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுங்க. அப்பா கொதிக்க வெச்சுட்டார்னு எழுதுங்க."

எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன், தெளிவான கையெழுத்து: தந்தை கொதிக்க வைத்துவிட்டார். அந்த மருத்துவமனை இருக்கும்வரை அது இருக்கும்.

திரும்பும்போது அம்மா, மகளை வேனின் முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தான் மூட்டை மேல் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நீராவி ஹாரன்கூட அடிக்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அந்த அலமாரியில் மூன்று வார்ப்புகளுக்கும் வெள்ளைத் துணியில் டேக் குத்தியிருக்கிறது: முதல், நடு, கடைசி. நீராவியே எழுதியது. பல் மூன்று மாதத்தில் நிமிர்ந்தது. பின்னால் கம்பி ஒட்டியாயிற்று. தினமும் காலையில் அவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது, நீராவி கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். ஏதோ சொல்ல வருவார். கோப்பு ஞாபகம் வந்து பாய்லரைப் பார்க்கப் போய்விடுவார். அவர்களுக்குள் மெல்லச் சரியாகிக்கொண்டிருக்கிறது. எல்லார் காதிலும் விழும்படி, வாய்விட்டுப் பேசியே சரியாகிக்கொண்டிருக்கிறது.

என் விஷயம்தான் தீரவில்லை. ஆஸ்பத்திரி போய்வந்த மறுவாரம் என் சட்டைகள் மடித்துத் திரும்பி வந்தன. காலர்களில் வழக்கமான எண் இல்லை. எல்லாவற்றிலும் அந்தப் போகாத மையில், மகளின் குண்டுக் கையெழுத்தில் ஒரே டேக், குத்தாமல் நாலு பக்கமும் நெருக்கித் தைத்தது: தெரிந்தும் சொல்லாதவர்.

மாடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சட்டியில் போட்டுக் கொதிக்கவும் வைத்தேன்.

சட்டைதான் சுருங்கியது.